புளி போட்டுத் தேய்த்த எடைக்கற்கள்

என்னை அந்த வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் ஒரு தண்ணீர்க் குழாய்.

அப்போது மேடம் வீட்டில் பாத்திரம் கழுவி, கூட்டிப் பெருக்கிவிட்டு வருவேன். வேலை முடிந்து கேட் வரைக்கும் போனதும், பின்பக்கக் குழாயை மூடினேனா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். மறுபடி கேட் வரைக்கும் போவேன். மூடியிருந்ததைப் பார்த்தேனே, அது இப்போது பார்த்ததா, நேற்றுப் பார்த்தது ஞாபகத்தில் நிற்கிறதா என்று தோன்றும். மறுபடி திரும்புவேன். ஒருநாள் மூன்றாவது தடவை திரும்பியபோது மேடம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தினமும் இப்படித்தானா?”

“மழ வந்தா ரெண்டு வாட்டியோட போய்டுவேங்க மேடம்.”

வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர் வேறு ஒன்று கேட்டார். “கிடங்குல எனக்கு ஒரு ஆள் வேணும். பயந்த ஆளா இருக்கணும். நீங்க வர்றீங்களா?”

என்னை மாதிரி ஆள் வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. என் பயத்தால் எனக்கு நடந்ததெல்லாம் நஷ்டம்தான். எட்டாவது முடித்ததும் ஒன்பதாவதுக்கு விடுதியில் சேர்த்தார்கள். நான் அங்கே இருந்தால் வீட்டில் யாருக்காவது என்னவாவது ஆகிவிடும் என்று நினைத்து நினைத்து, மூன்றே வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொல்லைக்காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த வீட்டு ஆட்கள் அப்படியே நின்று, “இன்னாத்துக்குடி வந்த?” என்றார்கள். பள்ளிக்கூடம் அதோடு சரி.

மேடத்தின் கணவருக்கு எங்கள் மலைமேல் காவலூரில் டெலஸ்கோப் இருக்கும் இடத்தில் வேலை. மேடம் அதற்கு முன்னால் பெரிய ஊரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். இதய நோய்க்காரர்களுக்கான கதீட்டர் செய்கிற கம்பெனி. மலைக்கு வந்த பிறகு, அந்தக் கம்பெனிக்கே கதீட்டர்களைச் சோதித்துக் கொடுக்கிற வேலையை இங்கே கொண்டுவந்தார். முதலில் கீழே டவுனில்தான் இடம் பார்த்தாராம். ரோட்டில் லாரி போனால் சோதனைக்கு வைத்த தராசின் கடைசி நம்பர் ஆடியிருக்கிறது. இங்கே பாறைமேல் கட்டிய பழைய கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. புளியும் சாமையும் கடுக்காயும் போட்டு வைத்த இடம். வெள்ளையடித்து, ஏசி வைத்து, கல்மேடை போட்ட பிறகும் சுவரில் மூக்கை வைத்தால் புளி வாசனை வரும். ஆனால் தரை ஆடாது. பஸ் போனாலும் ஆடாது.

கதீட்டர் என்பது மெல்லிசான நீளக் குழாய். தொடையில் இருக்கிற ரத்தக்குழாய் வழியாக விட்டு, மேலே ஏற்றி, இதயத்துக்குள் கொண்டுபோவார்கள். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு, உள்ளே எந்த இடம் கோளாறு பண்ணுகிறதோ அந்த இடத்தை அதன் முனையால் தொட்டுச் சுடுவார்கள். முனைக்குள் ஒரு சென்சார் இருக்கிறது. முனை எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது கிராம் கணக்கில் சொல்லும்.

“லேசாத் தொட்டா சூடு பிடிக்காது. அழுத்தித் தொட்டா ஓட்டை விழுந்துடும்” என்று முதல் நாள் மேடம் சொன்னார். “டாக்டரோட கைக்கு அது தெரியாது. அவர் ஸ்கிரீன்ல நம்பரைத்தான் பார்ப்பார். அந்த நம்பர் பொய் சொல்லாம இருக்கான்னு பார்க்கறதுதான் நம்ம வேலை.”

ஓட்டை என்ற வார்த்தையைக் கேட்டதும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து ஒரு ஆள் என் மனதுக்குள் வந்து படுத்துக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும். பஸ் கண்டக்டர். ஏன் கண்டக்டர் என்று எனக்கே தெரியாது. கட்டில் கம்பியில் அவருடைய தோல்பை தொங்கும். டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கல்மேடைமேல் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒற்றைத் தட்டுத் தராசு. கதீட்டரின் முனை கீழே பார்க்கும்படி மேலே ஒரு பிடியில் மாட்டுவோம். திருகைத் திருகத் திருக முனை இறங்கித் தட்டை அழுத்தும். தராசு ஒரு நம்பர் காட்டும். கதீட்டரோடு சேர்ந்த பெட்டி ஒரு நம்பர் காட்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கிராம் இந்தப் பக்கம், ஒரு கிராம் அந்தப் பக்கம் மன்னிக்கலாம். அதற்குமேல் போனால் சிவப்பு ஸ்டிக்கர். நேராக ஒரு தடவை, சாய்த்து ஒரு தடவை, படுக்கவைத்து ஒரு தடவை. ஐந்து, பத்து, இருபது, முப்பது என்று ஏற்றிக்கொண்டு போய், அதே மாதிரி இறக்கிக்கொண்டு வர வேண்டும். அதற்கு முன்னால் உப்புத் தண்ணீரை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து முனையை அதில் ஊறவைக்க வேண்டும். சில சென்சார்கள் குளிரில் ஒழுங்காக இருக்கும். சூட்டில் புத்தி மாறிவிடும்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மூன்று தடவை பார்க்கிறவள் என்று வீட்டில் சிரித்தார்கள். அங்கே மூன்று தடவை பார்ப்பதுதான் சட்டம்.

என்னோடு இன்னொருத்தி இருந்தாள். அடிவாரத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வருவாள். பன்னிரண்டாவது படித்தவள், கல்யாணமாகிக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். நான் நோட்டில் எழுதிய நம்பர்களை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள்.

“இன்னாக்கா, இருவதுன்னு எழுதிட்டு அதையே மொறச்சிகினு கீற? ஓடிப் போய்டுமா அது?”

“இருவதா இருவத்தொன்னான்னு ஒரு டவுட்டு.”

“நீ எழுதினதுதானே?”

“அதான் டவுட்டு.”

“ஏசப்பா! ஒங்க வூட்டுக்காரர் தாலி கட்டும்போது எத்தினி வாட்டி திரும்பிப் பாத்த?”

மேடம் உள்ளே இருந்து சிரிக்கும் சத்தம் கேட்கும்.

தினமும் காலையில் வந்ததும் தராசுக்கே ஒரு சோதனை உண்டு. மரப்பெட்டிக்குள், வெல்வெட் துணிக் குழிகளில் பித்தளை எடைக்கற்கள் இருக்கும். ஐந்து, பத்து, இருபது, ஐம்பது. ஐம்பதை எடுத்துத் தட்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், ஐம்பது கிராம் என்றால் இவ்வளவுதான் என்று தராசு எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு அது சொல்லும் கணக்கெல்லாம் அந்தக் கல்லை நம்பித்தான். பெட்டியின் மூடியில் இங்கிலீஷில் ஒரு சான்றிதழ் ஒட்டியிருந்தது. நான் அதில் முத்திரையை மட்டும் பார்ப்பேன்.

“கல்லை விரலால தொடவே கூடாது. சாமணத்தாலதான், இந்தச் சின்ன இடுக்கியாலதான் எடுக்கணும்” என்று மேடம் சொல்லியிருந்தார். “கை பட்டா எண்ணெய், அழுக்கு எல்லாம் ஏறும். அழுக்கு ஏறினா எடை கூடிடும்.”

அந்த வார்த்தையை அப்படியே மனதில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டதுதான் தப்பாகப் போயிற்று.

இரண்டாவது வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை விடாமல் பெய்தது. சுவரெல்லாம் ஊறிப்போய், பூட்டில் துரு ஏறி, மடித்து வைத்த துணியில் பூஞ்சை வந்தது. அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் இருந்து ஒருவர் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அதுவரைக்கும் நாங்கள் சோதித்து அனுப்புவதைக் கம்பெனியில் இன்னொரு தடவை சோதிப்பார்கள். வருகிறவர் திருப்தியாகப் போனால் இனி எங்கள் கையெழுத்தே கடைசி. கதீட்டர் பெட்டிகள் இங்கிருந்து கிருமி நீக்கும் இடத்துக்கும், அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிகளுக்கும் போகும்.

“திருப்தி இல்லன்னா?” என்று கேட்டேன்.

“வேலையை மறுபடி கீழயே எடுத்துப்பாங்க. இங்க கதவைப் பூட்டிட வேண்டியதுதான்” என்றார் மேடம். என்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க நான் மேடையைத் துடைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், துடைத்த துணியைத் துவைத்தேன். வெள்ளிக்கிழமை காலை மரப்பெட்டியைத் திறந்தபோது கற்களைப் பார்த்தேன். தினமும் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் வருகிறவருடைய கண்ணால் பார்த்தேன். எல்லாம் கருத்திருந்தது. ஐம்பது கல்லின் தலையில் பச்சையாகக் களிம்பு மாதிரி ஒரு திட்டு. அழுக்கு ஏறினால் எடை கூடிவிடும். அப்படியானால் எத்தனை நாளாக இது ஐம்பதைவிடக் கூடுதலாக இருக்கிறது? அந்தக் கூடுதலை ஐம்பது என்று நம்பிய தராசு என்னென்ன சொல்லியிருக்கும்? கண்டக்டர் கட்டிலில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் வெள்ளியும் சனியும் திருப்பத்தூருக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார். தொந்தரவு பண்ணக் கூடாது என்று நினைத்தேன். பித்தளை கருத்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வயசா எனக்கு?

சனிக்கிழமை மதியம் வீட்டிலிருந்து ஒரு உருண்டை புளி கொண்டுபோனேன். எங்கள் மரத்துப் புளி, நல்ல புளிப்பு. சாமணத்தால் ஒவ்வொரு கல்லாக எடுத்துத் துணியில் பிடித்துக்கொண்டு, விரல் படாமல்தான் தேய்த்தேன். அதில் மட்டும் அவ்வளவு கவனம். புளியோடு கொஞ்சம் சலித்த சாம்பல். களிம்பு இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தி.

கம்ப்யூட்டரில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா இது, கார்த்திகைக்குக் குத்துவெளக்கு தேய்க்கிற மாறி?”

“அழுக்கு ஏறிக்கீது பாரு. அந்தாளு வந்து பாத்தா இன்னா நெனப்பாரு?”

“அதுவும் சரிதான். இரு, நல்ல துணி தர்றேன்.” வெள்ளைத் துணி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். “எங்க சர்ச்சு மெழுகுவத்தி ஸ்டாண்டு ஒன்னு கீது. மெழுகு எறங்கி எறங்கி அசிங்கமாப் போச்சு. கிறிஸ்துமசுக்கு உன்கிட்டயே குடுத்துடறேன், தேச்சிக் குடு.”

வெந்நீரில் அலசி, துடைத்து, பெட்டியில் வரிசையாக வைத்தபோது வெல்வெட்டின்மேல் பொன் மாதிரி இருந்தன. அன்றைக்கு மூன்று தடவை திரும்பி வந்து பார்த்தேன். சந்தேகத்தால் இல்லை. பார்க்க நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை வந்தவர் சின்ன வயசுக்காரர். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து வெளிறிப்போய் வந்து இறங்கினார். எலுமிச்சம்பழம் கொடுத்து உட்காரவைத்தோம். மதியத்துக்குமேல் தெளிந்து, எல்லாவற்றையும் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். தரையில் குதித்துக்கூடப் பார்த்தார்; நம்பர் ஆடவில்லை. நான் ஒரு கதீட்டரை மாட்டி அவர் முன்னால் சோதித்துக் காட்டினேன். இரண்டு நம்பரும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கின. கடைசியாக மரப்பெட்டியைத் திறந்தார்.

“அட, புதுசு மாதிரியே வெச்சிருக்கீங்களே.”

“எல்லாம் இவங்க பொறுப்பு” என்று மேடம் என்னைக் காட்டினார்.

யாராவது என்னைக் காட்டி ஏதாவது சொன்னால் அது புகாராகத்தான் இருக்கும். அன்றைக்கு நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் சூடாக இருந்தது.

ஒப்புதல் வந்தது. அதன் பிறகு பெட்டி பெட்டியாக வேலை. பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்தோடு அது ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும். மேடம் வீட்டு வேலையையும் நான் விடவில்லை; அந்த நாட்களில் அங்கே குழாயை ஒரே தடவைதான் பார்த்துவிட்டு வந்தேன். சில நாள் பார்க்கவே மறந்தேன். கண்டக்டருக்கு உடம்பு தேவலையாகி டூட்டிக்குப் போய்விட்டார் என்றே நினைத்துக்கொண்டேன்.

புளி போட்டுத் தேய்த்த பித்தளை சீக்கிரம் கருக்கும். அது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். மாசி மாதம் ஒருநாள் காலையில், மேடம் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் திறந்துகொண்டே சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“கல்லுங்க மறுபடி கருத்துடுச்சுங்க மேடம். புளி போட்டுத் தேச்சுடட்டுங்களா?”

அவர் டீயைக் கீழே வைத்தார்.

“மறுபடியா?”

அந்த ஒரு வார்த்தையை அவர் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் இன்னும் புரியாமல், “அந்த சார் வந்தாரே, அதுக்கு மொத சனிக்கெழம தேச்சதுங்க. கை படலங்க மேடம், சாமணத்துலதான்” என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் முகம் போன விதத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

பிறகு அவர் விளக்கினார். திட்டவில்லை. அந்தக் கருப்பு, கல்லின்மேல் வந்து ஒட்டிய அழுக்கு இல்லையாம். பித்தளையே மேலே கருத்துப் போவதாம். புளி அதைக் கரைத்து எடுக்கும்போது பித்தளையையும் சேர்த்துத்தான் எடுக்கும். சாம்பல் இன்னும் கொஞ்சம் சுரண்டும். ஒரு தடவை தேய்த்தால் அது பழைய கல் இல்லை. மூடியில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் காகிதத்தில் அதுவும் எழுதியிருந்ததாம்.

மேடம் நோட்டை எடுத்து, அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் எத்தனை பக்கம் என்று புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரே சென்னைக்குப் போனார். அங்கே எடைக்கல்லைச் சரிபார்த்துக் கொடுக்கிற இடம் இருக்கிறது. அவர் திரும்பி வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. குழாயைக் கணக்கில்லாமல் பார்த்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டே, “இன்னும் விசயம் வெளிய போவலல்ல? கம்முனு கீறதுதானே. நீயாப் போய் சொல்லிட்டு நீயே பேஜாராவுற” என்றார். அவர் சொன்னது எனக்குத் தப்பாகப் படவில்லை. கண்டக்டருக்காக அவ்வளவு நாள் பயந்தவள், அந்த வாரம் அவரைப் பற்றி நினைக்கவே இல்லை. வேலை போய்விடக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.

மேடம் வந்து காகிதத்தை மேடைமேல் வைத்தார். ஐம்பது கல் குறைந்திருந்தது.

“எவ்ளோங்க மேடம்?”

“ரெண்டு கடுகு எடை இருக்கும்.”

எனக்கு உயிர் வந்தது. “ரெண்டு கடுகா? நமக்கு ஒரு கிராம் வரைக்கும் மன்னிப்பு கீதேங்க. ஒரு கிராமுக்கு எத்தினி கடுகு புடிக்கும்! அந்த ஆளுக்கு ஒன்னும் ஆவாதுல்ல?”

“எந்த ஆளுக்கு?”

“சுட்டுக்கிறவங்களுக்குங்க.”

“ஆகாது. ரெண்டு கடுகால யாருக்கும் ஒன்னும் ஆகாது. ஆனா கம்பெனிக்கு எழுதிப் போடணும்.”

“அப்ப இன்னாத்துக்குங்க எழுதிப் போடணும்?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். களைத்துப்போயிருந்தார். “ரெண்டு கடுகுன்னு இன்னிக்குத் தெரியும். அன்னிக்கு நமக்குத் தெரியாது. தெரியாமத்தானே அத்தனைலயும் கையெழுத்துப் போட்டோம்? கல்லைப் புளி போட்டுத் தேய்ச்ச ரூம்ல இன்னும் என்னென்ன செஞ்சிருப்பாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா, என்கிட்ட பதில் இல்ல.”

“வேற ஒன்னுமே செய்யலங்க மேடம்.”

“எனக்குத் தெரியும்” என்றார். “நான் நம்பறேன். அவங்களுக்கு நம்பறது வேலை இல்ல. நமக்கும் அது வேலை இல்ல.”

அன்று சாயங்காலம் அவர் கேட்டபடி ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இன்ன நாளில், இன்ன இடத்தில், எடைக்கற்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எட்டாவது வரை படித்த கையெழுத்து. ‘தேய்த்தேன்’ என்ற வார்த்தையைப் பார்த்தபோது, ஒரு வீட்டுவேலைக்காரி விளக்குத் தேய்த்ததுக்கு எழுதிக் கொடுத்த கடிதம் மாதிரி இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் தாளை இழுத்தாள்.

“துணி கிழிச்சுக் குடுத்தது நானு. அதையும் எழுது.”

“ஏண்டி, ஒனக்கு இன்னா தலையெழுத்து?”

“எழுதுக்கா. இல்லாட்டி நான் பாட்டுக்கு வூட்ல படுத்துகினு அதையே நெனச்சிகினு இருக்கணும். உன் வியாதி எனக்கும் வந்துடுச்சு.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேடம் அதை இங்கிலீஷில் எழுதி, இரண்டையும் சேர்த்து அனுப்பினார். பதில் வர நான்கு நாள். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லையாம், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்களாம். ஒப்புதல் ரத்து. அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் இங்கே இருந்து போனதில் எது எது இன்னும் பிரிக்காமல் இருக்கிறதோ அதெல்லாம் திரும்பி வரும். இங்கேயே அழித்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

“பிரிச்சதெல்லாம்?” என்று கேட்டேன்.

“பிரிச்சது பிரிச்சதுதான். உள்ள போய் வேலை முடிச்சு வந்திருக்கும்.”

கண்டக்டர் திரும்பி வந்துவிட்டார். ரெண்டு கடுகால் ஒன்றும் ஆகாது என்று மேடம் சொன்னதை அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன். அவர் தோல்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறார். நம்புகிறாரா என்று தெரியவில்லை. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, ஆணா பெண்ணா, அதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. குழாய் என்றால் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

பங்குனியில் பிரிக்காத கதீட்டர் பெட்டிகள் திரும்பி வந்து இறங்கின. அவள் அதற்குள் வேலையை விட்டு நின்றிருந்தாள். கீழே ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டாள். மேடத்தின் வீட்டிலும் மாற்றலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. கிடங்கை மறுபடி சாமை மூட்டைக்குக் கேட்டு ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். கல்மேடையை என்ன செய்வது என்று கேட்டார்கள். இருக்கட்டும், மூட்டை அடுக்கலாம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். வெளியே எங்கு பார்த்தாலும் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கிடங்குக்கு எதிர்ப் பாறையில்கூடப் புளியம்பழ ஓடு உடைக்கிற சத்தம். எனக்கும் அங்கே உட்கார இடம் இருந்தது. அடுத்த வாரத்தில் இருந்து வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

வெட்டுகிற வேலையை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். மேடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வெட்டுக் குறடு கொடுத்தார். ஒவ்வொரு உறையாகப் பிரித்து, முனையை வெட்டி ஒரு டப்பாவில், குழாயை வெட்டிச் சாக்கில். உறையின்மேல் என் கையெழுத்து இருக்கும். முதலில் அதைப் பார்க்காமல் பிரித்தேன். பிறகு பார்த்துக்கொண்டே பிரித்தேன்.

நாலைந்து வெட்டிய பிறகு என்ன தோன்றியதோ, ஒன்றை எடுத்து நம்பர் காட்டும் பெட்டியில் சொருகினேன். பெட்டி இன்னும் மேடைமேல்தான் இருந்தது. விளக்கு எரிந்தது. தராசைக் கட்டி வைத்துவிட்டார்கள். இடது கைப் பெருவிரலைக் கீழே வைத்து, முனையை அதன்மேல் மெதுவாக அழுத்தினேன். இரண்டு வருஷமாக ஆயிரம் தடவை பார்த்த அழுத்தம். இது இருபது என்று விரலுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

இருபது காட்டியது.

“அதைச் செய்யாதீங்க” என்றார் மேடம், வாசலில் இருந்து.

“சரியாக் காட்டுதுங்க மேடம்.”

“தெரியும். எல்லாமே சரியாத்தான் காட்டும். கழட்டிடுங்க.”

கழற்றினேன். முனையில் என் விரலின் எண்ணெய் லேசாக மின்னியது. துடைக்கத் துணியை எடுத்து, எதற்கு என்று நினைத்துக் கீழே வைத்துவிட்டேன். குறட்டால் அழுத்தியபோது அவ்வளவாகச் சத்தம் வரவில்லை. நகம் வெட்டுகிற மாதிரிதான். முனை டப்பாவில் போய் விழுந்தது. அடுத்த உறையைப் பிரித்தேன்.